டார்லீன் குச்செராவின் கனம்

ஒவ்வொரு பிள்ளையைப் பொறுப்பேற்கும்போதும் டார்லீன் குச்செரா அந்தப் பிள்ளையின் எடை அளவுக்குக் கனத்துப் போனாள். உடம்பு ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை; கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு ஐம்பத்தைந்து வயதிலும் அவளுக்குச் சரியாகவே இருந்தது. ப்ளாட் ஆற்றோரம் பீவர் ஃபோர்க் ஊரில் அவள் ஒரு தனியார் ஏஜென்சி நடத்தினாள். பெற்றோரிடம் இருக்க முடியாமல் போன பிள்ளைகளுக்கு வளர்ப்பு வீடு தேடித் தருவதும், பிறகு அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருப்பதும் அதன் வேலை. அரசாங்கம் பிள்ளையை அனுப்பும், செலவுக்குப் பணமும் தரும். மற்றதெல்லாம் இவள் பாடு. பிள்ளை புது வீட்டுப் படியேறிய அன்றே கனம் ஏறிவிடும். அது வளர்ந்து ஆளாகி எங்கோ குடித்தனம் நடத்தினாலும் இறங்காது. அவள் உட்காரும் பக்கம் கார் அமுங்கியபோது, முதலில் மெக்கானிக் ஸ்பிரிங்கைத்தான் குறை சொன்னான், மாற்றி மாற்றிப் போட்டுக் காசும் பார்த்தான். பிறகு சோள லாரிகளை நிறுக்கும் மேடையில் அவளை நிற்க வைத்தார்கள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, சர்ச்சில் அவள் உட்காரும் பெஞ்சுக்கு தண்டவாளக் கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். அதோடு ஊர் அந்தப் பேச்சை விட்டது.

ஒரு குளிர்காலத்தில், தனியார் ஏஜென்சிகளுக்குத் தரும் பணத்தில் பாதியை வெட்டலாம் என்று சட்டசபையில் பேச்சு கிளம்பியது. வெட்டினால் ஏஜென்சியை மூட வேண்டியதுதான். மூடினால், ஜோலீன் என்ற வளர்ப்புத் தாயின் வீட்டில் ஒன்றாக வளர்ந்துவந்த மார்லி என்ற ஐந்து வயதுக்காரியும் அவளுடைய இரண்டு அண்ணன்களும் ஆளுக்கொரு ஊராகப் பிரிவார்கள். ஜோலீனிடம் வருவதற்கு முன்பு குப்பைப் பையில் துணியைத் திணித்துக்கொண்டு வீடு வீடாக மாறிய பிள்ளைகள் அவர்கள். பெரியவனுக்குக் கோபம் வந்து சாமானை உடைக்கும்போது ஏஜென்சியிலிருந்து ஆள் ஓடி வருவார்கள் என்ற தைரியத்தில்தான் ஜோலீன் மூவரையும் சேர்த்து வைத்திருந்தாள். “போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வா அக்கா,” என்று டார்லீனைத் தலைநகருக்கு அனுப்பியவளும் அவள்தான்.

சட்டசபைக் குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் அறையில் ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் எழுந்துவிட வேண்டும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லக் கூடாது, படம் காட்டக் கூடாது, அது சட்டம். அதை மீறியவர்களை டார்லீனே எத்தனையோ தடவை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். ஆகவே ‘ஒரு பிள்ளை’, ‘இன்னொரு பிள்ளை’ என்று அவள் பேசியது யாரைப் பற்றியும் இல்லாத பேச்சாகப் போயிற்று. உறுப்பினர்கள் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு எரிந்தது.

“நன்றிம்மா, அடுத்தவங்க வரலாம்,” என்றார் குழுத் தலைவர் வெண்டெல் ஹஸ்கின்.

“நான் இன்னும் முடிக்கலீங்க,” என்றாள் டார்லீன்.

காவலர் வந்து மரியாதையாக முழங்கையைப் பிடித்தார். அவள் முரண்டு பிடிக்கவில்லை, ஆனாலும் நகரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள்; தரைக் கல்தான் விரிசல் விட்டது. ஹஸ்கின் மாட்டுப் பண்ணைக்காரர், கன்றுகளைத் தூக்கிப் பழகிய கை. தானே இறங்கி வந்து நாற்காலிக்கு அடியில் கையைக் கொடுத்தார். முகம் சிவந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

“என்னம்மா இது, யாரோட கனம்?”

“பேரைச் சொல்லக் கூடாதுங்களே. சட்டமாச்சே.”

அறையில் யாரும் செல்போனைப் பார்க்கவில்லை. ஹஸ்கின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கொஞ்சத்தையாவது இங்க இறக்கி வெச்சிட்டுப் போயேம்மா.”

“இறக்கி வைக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? எல்லாம் என் புள்ளைங்க, நானே சுமந்துக்குவேன். என் காலுக்கடியில இருக்கிற தரையைப் பிடுங்காதீங்க, அவ்வளவுதான்.”

ஓட்டெடுப்பு முடியும்வரை அவள் அங்கேயே இருந்தாள். அடுத்துப் பேச வந்தவர்கள் பக்கத்தில் வேறு நாற்காலி போட்டுக்கொண்டார்கள். ஹஸ்கின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெட்டு வேண்டாம் என்று கை தூக்கினார், மற்றவர்களும் தூக்கினார்கள். தரை இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கவலையும் சிலருக்கு இருந்திருக்கலாம். மறுநாள் பத்திரிகையில் சோள விலைக்குப் பக்கத்தில் செய்தி வந்தது. பீவர் ஃபோர்க்கில் அதை வெட்டி ஒட்டாத கடை இல்லை. நம் ஊர்க்காரி, நம் கனம் என்று ஆளாளுக்கு மார்தட்டிக்கொண்டார்கள். வசந்தத்தில் அந்த அறைக்கு அடியில் இரும்பு உத்தரம் போட்டார்கள்.

ஓட்டெடுப்பு நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஜோலீன் வீட்டில் முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்த ரொட்டி. மார்லி வெகுநேரம் டார்லீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் கனமும் உங்ககிட்ட இருக்கா?”

“இருக்குடி கண்ணு. நீ இங்க வந்த அன்னிக்கே ஏறிடுச்சு.”

“நான் வேற வீட்டுக்குப் போயிட்டா?”

“எங்க போனாலும் இறங்காது.”

மார்லி அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். டார்லீனுக்குப் புதிதாக ஒன்றும் கனக்கவில்லை. “டேய், நானும் கனம்தான்டா!” என்று அண்ணன்களிடம் பீற்றிக்கொண்டாள் மார்லி.