கரண்ட் கட் குழுவின் நாலாவது ஆள்

1

இந்தக் கதை ஒரு பிழையான வரியில் பிறந்தது. கல்முனைக்குடியின் 'கரண்ட் கட்' இசைக்குழு பற்றி ஒரு சஞ்சிகையில் கட்டுரை வந்திருந்தது. எண்பத்துநாலாம் ஆண்டு, மூன்று பொடியன்கள், ஒரே கசெட், ஒரே பாட்டு. கிட்டார், குழுவில் பாடிய ஜவுபரின் மச்சான் கப்பலிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலக் கசெட்டுகளின் தாக்கம், சரி. தாளம், பக்கீர்மார் தட்டிப் பாடும் றபான்; அதுவும் சரி. நடுவில் எழும் அலறல், 'இங்கிலாந்துக் குழுக்களின் தாக்கம்.'

எனக்கு ஆத்திரம் வந்தது. அது அலறல் இல்லை, கலியாண வீட்டில் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடும் குரவை. போட்டவர் ஜவுபரின் தங்கை றாஹிலா.

2

கடல் அன்று கொந்தளித்துக்கொண்

[அடித்துவிட்டேன். கடலுக்கு இதில் வேலையில்லை.]

ஜவுபர் வீட்டுக் கூடத்தில் பாட்டைப் பதிந்துகொண்டிருந்தான். அந்த மாதம்தான் வாப்பா கலந்தர் றாஹிலாவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியிருந்தார். சோதனை எழுத இன்னும் ஒரு தவணைதான் இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து அவள் அண்ணனிடம் சொன்னாள்: "காக்கா, நீங்க கத்துறது பல்லுவலிக்காரன் மாதிரிக் கிடக்கு."

"அப்ப நீ கத்து பாப்பம்."

அவள் குரவை போட்டாள். மாதம் முழுக்க அடக்கியதெல்லாம் அதில் வந்தது.

[குரவை கேட்ட வீட்டுக்கு எங்கள் ஊரில் யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை.]

பக்கத்து வீட்டுச் சபியா உம்மா வேலிக் கடப்பால் வந்துவிட்டார். பின்னால் நாலைந்து பெண்கள். "ஆருக்குக் கலியாணம்? எங்களுக்கு ஒரு சொல்லுமில்ல."

மகள் பாட்டுக்குக் கத்தினாள் என்று சொல்ல, சத்தம் கேட்டுக் கூடத்துக்கு வந்த கலந்தருக்கு வெட்கம். "றாஹிலாக்குத்தான்," என்றார். "மாமி மகன் சரீபுக்கு."

சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுக்கவில்லை. அடுத்த மாதம் நிக்காஹ்.

3

சரீபைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவருக்கே விஷயம் அன்று பின்னேரம்தான் தெரியும்.

முடிவு (அ): றாஹிலா மட்டக்களப்பு பஸ் ஏறுகிறாள்.
முடிவு (ஆ): நிக்காஹ் வீட்டில் எழுந்து "இல்ல" என்கிறாள்.

இரண்டையும் றாஹிலாவிடமே வாசித்துக் காட்டினேன்.

"பஸ்ஸுல ஏறி ஆர்ர வீட்ட போறதாம்?" என்றார். பிறகு, "வாப்பா ஒரு முடிவு சொன்னார். மறுகா நீங்களும் ரெண்டு கொண்டுவந்திரிக்கீங்க."

4

இரண்டையும் கிழித்துவிட்டேன்.

கசெட்டில் சபியா உம்மாவின் கேள்வியும் பதிந்திருக்கிறது. அதன் பின் யாரும் பேசாத ஒரு சின்ன இடம். கலந்தர் வாய் திறக்குமுன் ஜவுபர் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். அங்கே றாஹிலா என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள். அவர் கல்முனைக்குடியில்தான் இருக்கிறார். அதைக் கேட்டவர் இன்றுவரை ஒருவருமில்லை, நானும்தான். போனால் கேளுங்கள். போகாவிட்டால் அந்தக் கட்டுரையின் வரியையாவது இப்படித் திருத்துங்கள்:

குரல்: றாஹிலா.