அர்ஷாக்கிடம் கேட்க வேண்டியது

உம்மாவின் கால்விரல்களுக்கு இடையே சனூஸா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மறைப்புக்குக் கட்டியிருந்த சேலைக்கு அப்பால் மூத்த அண்ணன், பாயிஸ் நானா, யாரிடமோ சொல்வது கேட்டது.

"தம்பிக்கு நாளைக்குச் சொல்லுவம். இண்டைக்கு அஸர் தொழுகையோட அடக்கம். கபுர்க் குழிக்குள்ள நான் இறங்குவன், போதும்."

சனூஸாவின் கை நின்றது.

"தண்ணிய ஊத்து புள்ள," என்றார் குளிப்பாட்டிக்கொண்டிருந்த சுபைதா மாமி. "உங்கும்மா ஒரு வாளியோட குளிச்சு எழும்பினவவா?"

கபன் துணி சுற்றி முடிந்ததும் சனூஸா பாயிஸைக் குசினி வாசலுக்குக் கூப்பிட்டாள். தம்பி அர்ஷாக் பாலத்துக்கு அங்கால், டவுன் ஆஸ்பத்திரியின் மனநல வாட்டில் இருந்தான். நித்திரை கெட்டுத் தனக்குள் கதைக்கத் தொடங்கியபோது, தானே ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தவன். ஆனாலும் அவனை வெளியே விட நானாவின் சம்மதம் வேண்டும் என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். சனூஸாவும்தான்.

"நானா, அவனைக் கூப்பிடுவம்."

"ஜமாஅத்துக்கு முன்னால நிண்டு கத்தினா?"

"காலையில நீங்களும்தான் கத்தினீங்க. உங்கள ஆரும் பைத்தியம் எண்டு சொல்லல்லயே."

பாயிஸ் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தான். "நான் விடச் சொல்லமாட்டன். நீ பெரிய லோயர்தானே, ஆஸ்பத்திரில கேட்டுப் பார்."

அவளுக்கு, தான் செய்வது சரிதானா என்று தெரியவில்லை. தம்பி தாங்காமல் போனால்? வாட்டின் இலக்கத்தை அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள். தாதி றொஷானி எடுத்தாள்.

"மிஸ், எங்கட உம்மா மௌத்தாகிட்டா. அர்ஷாக்க விட நானா ஓம் எண்டு சொல்றாரில்ல."

"ஐயோ... கவலையா இருக்கு அக்கா. ஆனா நானா ஏன் ஓம் எண்டு சொல்லோணும்? அர்ஷாக் தன்ர விருப்பத்தில வந்தவர். டொக்டர் ஒருக்காப் பார்ப்பார். ஆனா வாறதோ இல்லையோ, அத அவரிட்டத்தான் கேக்கோணும். உம்மா போனத மறைக்க எங்களுக்கும் உரிமையில்ல, உங்களுக்கும் இல்ல. ஃபோன அவரிட்டக் குடுக்கவா? நான் பக்கத்தில இருக்கிறன்."

ஃபோன் கைமாறியது. உம்மா போனதைச் சொல்லி, வாறியா என்று சனூஸா தம்பியிடம் கேட்டாள்.

"குளிப்பாட்டியாச்சா ராத்தா?"

"ஓம்."

"வாறன். அடக்கிட்டுத் திரும்பி இஞ்சதான் வருவன். எனக்கு இன்னும் சுகமாகல்ல."

உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில் ஓட்டோ வந்து நின்றது. அர்ஷாக் யாரையும் பார்க்காமல் வந்து முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான். பெண்கள் வேலியோடு நின்றுகொண்டார்கள். அதற்கு அப்பால் நடப்பது அவர்கள் பார்க்கிற விஷயம் அல்ல.

அடக்கம் நடக்கும் மையவாடிப் பக்கமிருந்து சத்தம் ஏதும் வருமோ என்று காதைக் கொடுத்தபடியே சனூஸா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினாள். காகங்கள்தான் கரைந்தன.

ஆண்கள் திரும்பினார்கள். பாயிஸின் வெள்ளைச் சாரம் போனபடியே வெள்ளையாக இருந்தது. அர்ஷாக்கின் களிசானில் முழங்கால்வரை கபுரின் ஈர மணல்.

பாயிஸ் கிணற்றடியில் வாளியை எடுத்து, தம்பியின் கால்களில், விரல்களுக்கு இடையே, மெல்லத் தண்ணீர் ஊற்றினான். வாசலில் ஓட்டோ காத்து நின்றது.