அரிசி போட்டு ஓட்டிக் காட்டுங்க

மஞ்சள் இதழ்கள் பறந்துகொண்டே இருக்கின்றன, வண்டிக்குப் பின்னால், புல் சரிவு முழுக்க, என் வீட்டுக்காரர் முன்னால் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போகிறார், தலையில் மஃப்ளர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பின்னால் என்ன பறக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, சமையலறை ஜன்னலில் நிற்கிற எனக்குத் தெரிகிறது, ஆனால் ஏன் பறக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, அழகாக இருக்கிறதே என்று மட்டும் நினைக்கிறேன், இருங்கள், வந்ததும் வராததுமாக எங்கேயோ போய்விட்டேன், எல்லோரும் சௌக்கியமா, முழங்காலெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா, எனக்கு இடதுகால் மட்டும் மழைக்கு முன்னால் முனகும், மற்றபடி நன்றாக இருக்கிறேன், நன்றாக இருப்பதால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன், ஓர் எஞ்சினைத் தேர்ந்தெடுத்த கதை, புல் வெட்டுகிற வண்டியின் எஞ்சின், ஜீரோ டர்ன் என்பார்கள் அந்த வண்டியை, ஸ்டீயரிங் கிடையாது, தொடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள், இரண்டையும் முன்னால் தள்ளினால் போகும், ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அலபாமாவில் எங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர், வீட்டிலிருந்து ஓடைவரை சரிவாக இறங்கும், அவர் வேலையில் இருந்தபோது வாங்கியது, அவர் கண்ணை மூடின பிறகும் புல் எப்போதும்போலவே வளர்ந்தது, அதற்கு யார் போய்ச் சொல்வது, ஆள் வைத்துப் பார்த்தேன், வருகிற வாரம் வருவான், வராத வாரம் வரமாட்டான், அந்த ஜூலை மழையில் புல் இடுப்பைத் தொட்டது, அப்போதுதான் அட்லாண்டாவிலிருந்து என் மகன் தரணி வந்தான், காரைவிட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, பாம்பு வந்தாக்கூடத் தெரியாது, திங்கக்கிழமை வீட்டைப் பாக்க ஒரு ஏஜென்ட் வரா, வித்துட்டு எங்ககூட வந்துரு, உனக்குன்னு ரூம் ரெடியா இருக்கு, ரூம் இருக்குது கண்ணு, ஜன்னலைத் தொறந்தா எதுத்த வீட்டு ஏசிதானே தெரியுது, சரி, இங்க தொறந்தா காடு தெரியுது, யாரு வெட்டுவா, நான் வெட்டறேன், அவன் சிரித்தான், அவன் அப்பா சிரிக்கிற மாதிரியே வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரித்தான், அப்பாவாலேயே முடியலம்மா, அந்த எஞ்சின் ரெண்டே வருசத்துல செத்துப்போச்சு, நீ எங்க, நான் சொன்னேன், நாளைக்குக் கடைக்குப் போலாம், நானே எஞ்சினைப் பார்த்து எடுக்கறேன், நானே ஓட்டறேன், ஓட்ட முடியலைன்னா அந்த ஏஜென்ட் பொண்ணுக்கு நானே காபி போட்டுக் குடுத்து, சாவியையும் குடுத்தர்றேன், போதுமா, அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், அம்மா, நெஜமாத்தான் சொல்றியா, நெஜமாத்தாண்டா.

கடைக்காரர் பெயர் ரஸ்ஸல், பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை மேம் போடுவார், நாங்கள் பழைய வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம், மாற்றிக் கொடுத்தால் ஏதாவது குறைப்பாரா என்று, புது வண்டிகள் வரிசையாக நின்றன, உடம்பு எல்லாம் ஒன்றுபோல, வித்தியாசம் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எஞ்சினில்தான், ஒன்றில் ஒற்றை சிலிண்டர், விலை சல்லிசு, இன்னொன்றில் இரட்டை சிலிண்டர், இரண்டும் தோளோடு தோள் சாய்ந்து விரிந்த மாதிரி, தரணி நேராக ஒற்றையிடம் போய்விட்டான், இது போதும்மா, அப்பாவோடது ரெட்டை, அதான் வெந்து போச்சு, ரெண்டு இருந்தா ரெண்டு தொல்லை, எஞ்சின் பார்க்கத் தெரிந்தவன்போலத் தட்டிக்கூடப் பார்த்தான், எனக்குக் காந்திபுரத்துக் கிரைண்டர் கடை ஞாபகம் வந்துவிட்டது, கல்யாணமான புதுசு, மாவாட்டுகிற கிரைண்டர் வாங்கப் போகிறோம், கையில் தூக்குப் போசி, அதற்குள் ஊறவைத்த இட்லி அரிசி, அவர் பஸ்ஸிலேயே கேட்டுவிட்டார், அதென்ன அம்முணி போசியில, சோறா, இல்லீங் மாமா, அரிசி, கடைக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டுகிறார், கல் சும்மா சுற்றுகிறது, பாருங்கம்மா எவ்வளவு சத்தமில்லாம ஓடுதுன்னு, சும்மா சுத்தறதுக்கா வாங்கறோம், அரிசி போட்டு ஓட்டிக் காட்டுங்க என்று நான் போசியைத் திறக்கிறேன், என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சைக்கிள்களை எண்ணுகிற மாதிரி நிற்கிறார், முதல் கிரைண்டர் அரிசி விழுந்ததும் குரல் இறங்கிவிட்டது, இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதுதான் அரிசி விழுந்தது தெரியாத மாதிரி அதே குரலில் ஓடியது, அதைத்தான் வாங்கினோம், அந்த மாவைக் கடைக்காரர் வீட்டுக்கே கொடுத்துவிட்டு வந்தோம், அந்தக் கிரைண்டர் என் மாமியார் காலத்துக்குப் பிறகும் ஓடியது.

அம்மா, எங்க பாக்கற, தரணி என் தோளைத் தொட்டான், ரஸ்ஸல் பழைய வண்டியின் எஞ்சின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது, உள்ளே ஏதாவது தேறுமா என்று பார்க்கிறார், இந்த எஞ்சின்களுக்குத் தண்ணீர் கிடையாது, காற்றுதான், மேலே ஒரு சல்லடை சுற்றிக்கொண்டே காற்றை உள்ளே இழுத்து சிலிண்டர்களைக் குளிரவைக்கும் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கினவர் பேச்சை நிறுத்திவிட்டார், மேம், இது என்ன, எலிக்கூடா, நான் குனிந்து பார்த்தேன், ஒரு பக்க சிலிண்டர் முழுக்கப் பழுப்பாக ஏதோ அடைந்து கிடந்தது, விரலால் கிள்ளினேன், பொடிந்தது, வாசனை இல்லை, ஆனால் நூல் இருந்தது, பூக்கட்டுகிற நூல், சுற்றிச் சுற்றி இறுகிப்போய், செண்டுமல்லி, அவ்வளவும் செண்டுமல்லி, அந்த வண்டி வாங்கின வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு இந்தியக் கடையில் வாங்கிவந்த மாலை, எல்லாருங் காருக்குப் போடறாங்க, நம்ம வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு என்று அவர்தான் சீட்டுக்குப் பின்னால் சாத்தினார், சந்தனம் வைத்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார், திரும்பி வந்தபோது கழுத்து வெறுமையான மணப்பெண் மாதிரி வண்டி நின்றது, மாலை எங்கீங் மாமா, அட, புல்லுல எங்காவது விழுந்திருக்கும் அம்முணி, இரண்டு பேரும் சாயந்திரம் சரிவில் இறங்கித் தேடினோம், இதழ்கள்தான் கிடைத்தன, மாலை கிடைக்கவில்லை, அது அங்கேயே, அவர் முதுகுக்குப் பின்னால், சல்லடை வழியாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தது, அடுத்த வருஷம் கோடையில் ஓடைக்கரையில் எஞ்சின் இருமியது, கரும்புகை, ஆனாலும் நிற்கவில்லை, இருமி இருமி அவரைச் சுமந்துகொண்டு சரிவேறி வந்து கொட்டகை வாசலில்தான் நின்றது, இந்த எஞ்சின் என்னை ஏமாத்திருச்சு அம்முணி, ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட ஒரு நாள் சொன்னார், ரஸ்ஸல் நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், காற்றுப் போகாமல் ஒரு பக்கம் வெந்துவிட்டது மேம், மேட்டில் ஏற்றியதெல்லாம் இந்த இன்னொரு பக்கம்தான், தனியாக, எஞ்சின்மேல் ஒரு தப்பும் இல்லை, நான் அந்த இன்னொரு பக்கத்தின்மேல் கையை வைத்தேன், கேட்டீங்களா மாமா, ஏமாத்தலீங்.

தரணி கண்ணைத் துடைத்துக்கொண்டான், பிறகு சிரித்தான், பிறகு வியாபாரத்துக்கு வந்தான், சரிம்மா, மாலை தப்புதான், இருந்தாலும் உனக்கு ஒத்தை சிலிண்டரே போதும், நான் ரஸ்ஸலிடம் கேட்டேன், உங்கள் கடைக்குப் பின்னால் புல் இருக்கிறதா, இருந்தது, யாரும் தொடாத புல், காலை ஈரத்தோடு, அங்கே ஓட்டிக் காட்டுங்கள், அம்மா, தரையில ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவாரு, அது போதும், மானத்த வாங்காத, தரையில ஓடறதுக்கா வாங்கறோம் என்றேன், சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு, அவன் தன் அப்பாவைப் போலவே கொஞ்ச தூரம் தள்ளிப் போய் வேறு வண்டிகளைப் பார்க்கிற மாதிரி நின்றான், ரஸ்ஸல் ஒற்றையை விட்டார், ஈரப்புல்லில் நுழைந்ததும் அதன் குரல் இறங்கியது, அரிசி விழுந்த மாதிரி, பாவம், அது என்ன செய்யும், வீட்டைச் சுற்றிச் சின்னத் தரை இருக்கிறவர்களுக்கு அதுவே தாராளம், இரட்டையை விட்டார், புல் விழுந்தது, குரல் இறங்கவில்லை, மேட்டில் திரும்பியபோது கொஞ்சம் ஆழமானது, அவ்வளவுதான், இதுதாங் கண்ணு என்றேன், தூரத்திலிருந்தே கேட்டான், எப்படிச் சொல்ற, காது இருக்குதில்ல, கிளப்பும்போது சோக் இழுக்க வேண்டாத எஞ்சினும் உண்டு மேம், கொஞ்சம் விலை கூட என்றார் ரஸ்ஸல், சோக் இருக்கட்டும், கோயமுத்தூரில் என் மொபெட்டுக்கும் சோக்தான், அதில் இவனை முன்னால் நிறுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டுபோனேன் என்று நான் தமிழில் சொன்னதை, அம்மா, அதெல்லாம் அவருக்கு எதுக்கு, என்று மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

இனி ஓட்ட வேண்டும், பேச்சு பேச்சுதான், ஓட்டாவிட்டால் சாவி போய்விடும், ஏறி உட்கார்ந்தேன், பெல்ட்டைப் போட்டேன், கைப்பிடியைத் தள்ளினேன், ஒன்றை அதிகமாகத் தள்ளிவிட்டேன் போல, சுற்ற ஆரம்பித்தேன், நின்ற இடத்தில், கிரைண்டருக்குள் உளுந்து மாதிரி, தரணி, ரஸ்ஸல், கடை, மரம், தரணி, ரஸ்ஸல், கடை, விடும்மா கையை விடு என்று தரணி கத்துகிறான், அவன் முகம் வரும்போதெல்லாம் அதில் திங்கட்கிழமை தெரிகிறது, அந்தச் சுற்றலில்தான் எனக்குப் புரிந்தது, பயந்து இறுக்கிப் பிடிக்கிற கைதான் சுற்றவைக்கிறது, இரண்டு கையையும் இளக்கினேன், நின்றது, மறுபடி இரண்டையும் ஒன்றாக, கோலப்பொடியை விடுகிற மாதிரி விரலால் தள்ளினேன், போனது, நேராகப் போனது, புல்லுக்குள் ஒரு பாதை விழுந்தது, மேடு வந்தது, ஏறினேன், திரும்பினேன், வந்த பாதையை ஒட்டி இன்னொரு பாதை, அதை ஒட்டி இன்னொன்று, ரஸ்ஸல் கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறார், நான் நிறுத்தவில்லை, பாதி வெட்டிவிட்டு எப்படி நிறுத்துவது, முழுக்க வெட்டிவிட்டு வந்து நின்றபோது தரணி போனில் பேசிக்கொண்டிருந்தான், இல்லை, திங்கட்கிழமை வர வேண்டாம், இல்லை, வேறு ஏஜென்ட் யாரும் இல்லை, எங்கள் அம்மாதான், அவ்வளவுதான் காதில் விழுந்தது, போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து விரலை நீட்டினான், ஒண்ணே ஒண்ணும்மா, இதுக்கு மாலை மட்டும் போட்டுறாத.

போடவில்லை, சத்தியமாக வண்டிக்குப் போடவில்லை, ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்தேன், மாலை கையில் இருக்கிறது, செண்டுமல்லி, வாங்காமல் வர மனசில்லை, அவர் படத்துக்கு ஒன்று ஏற்கெனவே சாத்தியாயிற்று, இது வண்டிக்கென்று வாங்கியது, வண்டிக்கு ஆகாது, தரையில் வைக்கக் கூடாது, கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், பூ என் பக்கம் வந்து எத்தனை நாளாயிற்று, பிறகு கழுத்தில் போட்டுக்கொண்டேன், தொங்குகிற முனையை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன், உங்கள் வீட்டிலும் அரிசி போட்டுப் பார்த்து வாங்கின கிரைண்டரோ மிக்ஸியோ மோட்டரோ இருக்கும், பூஜை போட்டுக் கெடுத்த வண்டியும் இருக்கும், யார் வெட்கப்பட்டு வாசலில் போய் நின்றார்கள் என்பதோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள், நான் படிப்பேன், இப்போது சோக்கை இழுக்கிறேன், பழங்கள் நசுங்குகின்றன, இரண்டு சிலிண்டரும் பிடித்துக்கொள்கின்றன, சரிவில் இறங்குகிறேன், ஓடைக்கரையில் காற்று, கழுத்திலிருந்து ஏதோ கழன்று பறக்கிறது, எஞ்சின் பக்கம் போய்விட்டதோ என்று திரும்பிப் பார்க்கிறேன், இல்லை, வெட்டின புல்மேல் விழுந்துகொண்டிருக்கிறது, வீட்டு ஜன்னலில் யாரும் இல்லை, மஞ்சள் மஞ்சளாக, நான் வந்த வழி முழுக்க.