யோனாஸ் கையில் இருக்கும் பந்து

1921 மே மாதம், டன்ரிக் ஊர் பேஸ்பால் மைதானத்தின் வலப்பக்கக் குழிக்குள் விழுந்த பந்தை, இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போன யோனாஸ் பால்கஸ் திருப்பி எறிந்தான். ஹார்லோ அணிக்காரன் ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவதில் அவுட். அஞ்சூர் லீக்கின் முதல் ஆட்டம் அது. பென்சில்வேனியாவின் ஐந்து நிலக்கரி ஊர்கள் சேர்ந்து நடத்திய அந்த லீக் மூன்றே கோடைதான் இருந்தது.

மைதானத்துக்கு அடியில் நான்காம் நம்பர் சுரங்கம் ஓடியது. 1919இல் அதில் தீப்பிடித்தபோது கம்பெனி மூன்றாம் நாளே வாயில் சுவர் எழுப்பி அடைத்துவிட்டது. உள்ளே பதினோரு பேர். பிணம் கிடைக்காததால் சாவுச் சீட்டு தர முடியாது என்றார்கள். லீக் தொடங்கிய வாரம் வலப்பக்கத் தரை ஒரு வீட்டளவுக்கு உள்ளே இறங்கியது. ஊரில் வேறு சமதரை கிடையாது. குழியைச் சுற்றிக் கயிறு கட்டி ஆடினோம். பந்து குழியில் விழுந்தால் அடித்தவனுக்கு இரண்டு பேஸ் என்று பேச்சு. அதை நம்பி ஹார்லோக்காரன் மாப்பிள்ளை நடை நடந்து போய்க்கொண்டிருந்தான். அதற்குள் பந்து கரித்தூளோடு மேலே வந்து எங்கள் ஆளின் கையுறையில் அறைந்தது.

"எறிஞ்சது யாருய்யா?" என்று ஹார்லோக்காரர்கள் மட்டையோடு வந்தார்கள்.

பலகையில் உட்கார்ந்திருந்த ஓனா பால்கஸ் எழுந்தாள். "என் வீட்டுக்காரரு. ரெண்டு விரல் இல்லாத கை. பந்து கடைசில இடப்பக்கம் வெட்டுச்சே, பாக்கல?"

நடுவர் ப்ரோதெரோ இருபத்திரண்டு வருடம் கரி வெட்டியவர். எங்கள் அணியின் பழைய ஆட்டக்காரர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். சாவுச் சீட்டு வராததால் யோனாஸின் பெயரை யாரும் அடித்திருக்கவில்லை. "பேரு இருக்கு. அவுட்டு. போய் உக்காரு" என்றார். அன்றோடு அந்த இரண்டு பேஸ் பேச்சும் போயிற்று.

"டன்ரிக்ல செத்தவன்தான்டா ஆடுறான், உசுரோட இருக்கிறவனுக்கு ஒண்ணும் வரல!" என்று எதிர்க் கூட்டம் கத்தியது. அதில் பொய் இல்லை. பந்தை அந்தரத்தில் பிடித்துவிட்டால் யோனாஸ் நேராக மேலே தூக்கிப் போடுவான். தரையில் பட்டிருந்தால் பேஸுக்கு எறிவான். இந்த விஷயத்தில் அவன் ஏமாற்ற மாட்டான் என்று மற்ற நான்கு ஊர்க்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். மதுவிலக்குக் காலம், தேநீர்க் கெட்டிலில் பீர் வரும். ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் உள்ளே கிடந்த பதினோரு பேரின் வீட்டுப் பெண்கள் முட்டைக்கோசும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் வைத்த தூக்குகளைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்குவார்கள். ஏழாவது இன்னிங்ஸில் தூக்குகள் கழுவித் துடைத்து மேலே வரும். உயிரோடு இருந்தபோது யோனாஸ் ஒரு தட்டுக்கூடக் கழுவியதில்லை என்று ஓனா சொல்லிச் சிரிப்பாள். அந்த மாதிரி ஞாயிறுகள் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை.

1923இல் இரண்டு ஊர்ச் சுரங்கங்கள் மூடின. நன்றாக ஆடியவர்கள் டெட்ராய்ட்டுக்குக் கார் செய்யப் போனார்கள். அந்த சீசனோடு லீக் கலைகிறது என்று தெரிந்துபோயிற்று. கம்பெனி குழியைச் சாம்பல் கொட்டி மூடி, மேலே கரி கழுவும் கொட்டகை போட முடிவு செய்தது. சீசன் முடியும்வரை மைதானத்தில் கை வைக்கக் கூடாது என்பது லீக் விதி. அதில் கையெழுத்துப் போட்ட தலைவரே சுரங்க மேலாளர்தான் என்பதால் காத்திருந்தார். செப்டம்பரில் கடைசி ஆட்டத்தன்று வேலிக்கு வெளியே சாம்பல் வண்டிகள் வரிசையாக நின்றன.

ஒன்பதாவது இன்னிங்ஸ், ஹார்லோ மட்டை, இரண்டு பேர் அவுட். நாங்கள் நான்கு, அவர்கள் மூன்று. கடைசி ஆள் ஓங்கி அடித்த பந்து உயரப் போய்க் குழிக்கு நேராக இறங்கியது. பிடித்தால் ஆட்டம் முடிந்தது, சீசன் முடிந்தது. ஓனா பலகையிலிருந்து குதித்து ஓடினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே கத்தினாள்.

"யோவ் யோனாஸ்! பிடிக்காதய்யா! மேல சாம்பலோட நிக்கிறானுங்க!"

பந்து உள்ளே போயிற்று. நேராகவும் வரவில்லை, பேஸுக்கும் வரவில்லை. அடித்தவன் ஒரு ரன்னுக்காக எல்லா பேஸையும் சுற்றி வந்து மூச்சு வாங்கினான். "நாலுக்கு நாலா?" என்று கேட்டான். "பிடிச்சானா விட்டானான்னு அவன் சொல்லட்டும். அதுவரைக்கும் பேசாம நில்லு" என்றார் ப்ரோதெரோ. பொழுது சாயும்வரை நின்றோம். வெளிச்சம் போதவில்லை என்று ப்ரோதெரோ ஆட்டத்தை நிறுத்திவைத்தார்.

மேலாளர் பாய்ந்து வந்தார். "எப்பய்யா முடிப்பே?"

"பந்து வந்ததும் சார். அவசரம்னா நீங்களே எறங்கி வாங்கிட்டு வாங்க."

ஆட்டம் நடக்கும் மைதானத்தில் கால் வைக்க மாட்டோம் என்று வண்டிக்காரர்கள் கழுதைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். லீக் அலுவலகம் அந்தக் குளிர்காலத்தில் மூடியது. கம்பெனி 1934இல் போயிற்று, ப்ரோதெரோ அதற்கு அடுத்த வருடம். குழி அப்படியே இருக்கிறது.

இது 1962. ஓனாவுக்கு எழுபது வயது. ஞாயிறுதோறும் தூக்கை இறக்குகிறாள், கழுவி வருகிறது. வெளியூர்க்காரர்கள் கயிற்றைப் பார்த்து விசாரித்தால் ஸ்கோரைச் சொல்கிறோம்: டன்ரிக் நான்கு, ஹார்லோ மூன்று, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். யோனாஸ் பந்தைப் பிடித்துவிட்டான், அதில் எங்கள் யாருக்கும் சந்தேகமில்லை. இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.