மேலறையில் நான்கு விநாடி

“அப்ப இனி உங்கட வேலை என்ன?” என்று நடாஷா கேட்டாள்.

அவள் கேட்டதில் குத்தல் இல்லை. மிசிசாகாவில் விமான நிலையத்தடி அலுவலகத்திலிருந்து அஜின்கோர்ட் வீடு வரைக்கும் நெரிசலில் கார் ஓடி வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டாள்.

“அதே வேலைதான்,” என்றான் அவள் கணவன் டெனிஸ்டன். “ஆட்டத்தில பிளே சொல்லுறது மட்டும் நான் இல்லை.”

“அதுதானே வேலை?”

அவன் சோற்றை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டான்.

டெனிஸ்டனுக்கு முப்பத்தொன்பது வயது. மன்னாரிலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு ஸ்காபரோவில் பிறந்தவன். தோளில் கவசம் கட்டிக்கொண்டு முட்டைப் பந்தோடு மோதி ஓடும் ஃபுட்போலைப் பதினைந்து வயதில் பிடித்தவன், பிறகு விடவில்லை. விளையாடி, முழங்கை உடைந்து, கோச்சாகி, இரண்டு வருடத்துக்கு முன் நகரத்துப் பல்கலைக்கழக அணியொன்றில் ஒஃபென்சிவ் கோடினேற்றர் ஆனான். பந்து தன் அணியின் கையில் இருக்கும்போது யார் எங்கே ஓடுவது, பந்து யாருக்குப் போவது என்று திட்டமிடுவதும், ஆட்ட நேரத்தில் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிக் கொடுப்பதும் அந்தப் பதவியின் வேலை. அப்படிச் சொல்வதைத்தான் பிளே அழைப்பது என்பார்கள்.

அந்தப் பருவத்தில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. மூன்றாவது தோல்விக்கு அடுத்த திங்கட்கிழமை தலைமைக் கோச் டொனோவன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இனி நானே அழைக்கிறேன். உன் பதவியில் மாற்றமில்லை. வாரம் முழுக்க நீ செய்வதை அப்படியே செய். சனிக்கிழமை மட்டும் என்னுடையது.”

“ஓகே,” என்றான் டெனிஸ்டன்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தவர்போல் கொஞ்சம் காத்திருந்தார். அவன் எழுந்து வந்துவிட்டான். கோபம் வரும் என்று கார் நிறுத்துமிடம் வரை பார்த்தான். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வேலை குறையவில்லை. ஞாயிறு முழுக்க எதிரணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் பார்ப்பான். யார் எப்போது முன்னால் வருகிறான், யார் இடப்பக்கம் திரும்பத் தாமதிக்கிறான் என்று குறிப்பான். செவ்வாய்க்குள் எண்பது பிளே தேர்ந்து, நிறம் தீட்டி, ஒரு பெரிய தடித்த மட்டைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பான். பயிற்சியில் பையன்களை அதிலேயே ஓட வைப்பான். சனிக்கிழமை அந்த மட்டையை டொனோவன் கையில் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்பார். டெனிஸ்டன் மைதானத்துக்கு மேலே, கண்ணாடி போட்ட மேலறையில், ஹெட்செட்டோடு இருப்பான். கீழே நிற்பவருக்குத் தெரியாதது மேலே தெரியும். பத்து யார்ட் முன்னேற ஓர் அணிக்கு மூன்று முயற்சிதான்; இது எத்தனையாவது, இன்னும் எவ்வளவு தூரம், எதிரணி எப்படி நிற்கிறது என்று அவன் பார்ப்பான். “இரண்டாவது முயற்சி, ஆறு யார்ட். பின்னால் இரண்டு பேர்,” என்று சொல்வான். அவர் மட்டையைப் பார்த்து ஒன்றை அழைப்பார்.

அப்படி அவர் அழைத்த முதல் ஆட்டத்தில் ஒருமுறை அவன் குறுக்கிட்டான். “கோச், அது வேண்டாம். வலப்பக்கம் மூடிவிட்டார்கள்.”

“டெனி,” என்றது ஹெட்செட். “கேட்டால் சொல். முயற்சி, தூரம், அவர்கள் நிற்கும் விதம். எனக்கு அவ்வளவு போதும்.”

அதே இணைப்பில் இருந்த மற்ற நான்கு கோச்மாரும் அதைக் கேட்டார்கள். அவன் வேண்டாம் என்ற அந்தப் பிளேயில் பந்து நாற்பது யார்ட் போனது. வலப்பக்கம்தான்.

அந்த ஆட்டத்தையும் அடுத்ததையும் வென்றார்கள். டொனோவன் பிளே அழைக்கத் தொடங்கியதும் அணிக்கு உயிர் வந்தது என்று மாணவர் பத்திரிகையில் எழுதினார்கள். டெனிஸ்டன் அதை வாசித்துவிட்டு அடுத்த வீடியோவைத் திறந்தான். வென்றாலும் தோற்றாலும் மேலறையில் ஹெட்செட் வயரை ஒரே மாதிரிச் சுற்றி வைத்தான். வீட்டில் நடாஷா ஏதாவது கேட்டால் முயற்சியும் தூரமும் சொல்வதுபோல் பதில் சொன்னான். அவளும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒக்ரோபர் மாதத்து ஆறாவது ஆட்டம், தங்கள் சொந்த மைதானத்தில். எதிரணியில் இருபத்தியொன்றாம் இலக்கக்காரன் ஒருவன் இருந்தான். தடுப்பு வரிசைக்குக் கடைசியில் தூரத்தில் நிற்பவன். ஆனால் பந்து கிளம்பும் முன் சத்தமில்லாமல் முன்னால் நடந்து வந்து, நடுவே குறுக்காக ஓடுகிறவன்மேல் முழு வேகத்தில் விழுவான். டெனிஸ்டன் அதை வீடியோவில் பதினொரு தடவை பார்த்திருந்தான். மட்டையின் மூலையில் சிவப்பில் எழுதியும் இருந்தான்: ‘21 முன்னால் இறங்கினால் நடுவில் எறிய வேண்டாம்.’

மூன்றாம் கால்பகுதி. இரண்டாவது முயற்சி, எட்டு யார்ட். டொனோவன் நடுவே குறுக்காக ஓடும் பிளேயை அழைத்தார். பந்து போக வேண்டியது பிரவீனனுக்கு. மூன்றாம் வருட மாணவன், ஸ்காபரோவில் ரூஜ் பக்கத்துப் பையன், அணியில் இருந்த ஒரே தமிழ் ஆட்டக்காரன்.

பையன்கள் வரிசையில் நின்றார்கள். மேலறையிலிருந்து டெனிஸ்டன் இருபத்தியொன்று நடக்கத் தொடங்குவதைக் கண்டான். ஓரடி. இன்னோரடி. பிறகு மெல்லிய ஓட்டம். ஆட்டத்தை நிறுத்த டைம் அவுட் என்று ஒரு சொல் போதும். டொனோவன் நடுவருக்குப் பக்கத்தில்தான் நின்றார். சொல் தொண்டை வரை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

பந்து கிளம்பியது. பிரவீனன் கையை நீட்டினான். மோதல் சத்தம் கண்ணாடிக்கு இப்பாலும் கேட்டது. விதிப்படி சரியான மோதல். நடுவர் கொடி எறியவில்லை. பிரவீனனின் வலது கால் புல்லில் ஊன்றியபடி இருக்க, உடம்பு மற்றப் பக்கம் போனது.

“முயற்சி?” என்று ஹெட்செட்டில் டொனோவன் கேட்டார்.

“மூன்றாவது,” என்றான் டெனிஸ்டன். “எட்டு யார்ட்.”

ஆட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனான். பிரவீனனை ஸ்கானுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவனுடைய அம்மா யோகராணி, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவர், சீருடையோடு கதிரையில் இருந்தார். முழங்கால் தசைநார் இரண்டு அறுந்திருக்கலாம், ஒப்பரேஷன் செய்ய வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சிறிது நேரத்தில் டொனோவனும் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யோகராணி முன் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார்: “அந்தப் பிளேயை அழைத்தது நான். இது என் பிழை. வேறு யாருடையதும் இல்லை.” பத்திரிகைக்காரரிடமும் அதையே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

யோகராணி தலையாட்டினார். டொனோவன் தொலைபேசியோடு வெளியே போனார்.

“நல்ல மனிசன்,” என்றார் யோகராணி.

“ஓம், அக்கா.”

அதோடு விட்டிருக்கலாம். டெனிஸ்டன் சுவரில் இருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அவர் கீழ நிண்டவர். அவருக்குத் தெரிஞ்சிருக்காது. நான் மேல இருந்தனான். அவன் இறங்கி வாறதை நான் கண்டனான்.”

“ஆர்?”

“பிரவீனனில மோதினவன். நாலு விநாடி இருந்தது. நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை.”

“ஏன் தம்பி?”

“கேட்டால் மட்டும் சொல்லு எண்டு வச்சிருந்தவை.”

அது எவ்வளவு சின்னப் பதில் என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. யோகராணி சீருடையின் பொத்தானொன்றை விரலால் திருகினார். சத்தம் போடுவார் என்று நினைத்தான். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்ர வேலையில ஒரு மனிசி இருக்கிறா,” என்றார். “என்னைத் தொடவிடமாட்டா. தொடக்கூடாது எண்டு எழுதியும் வச்சிருக்கு. ஆனா அவ விழப்போறா எண்டால் நான் பிடிப்பன். பிறகு ஏச்சு வாங்குவன். ரெண்டு தரம் வாங்கியிருக்கிறன்.” பொத்தானை விட்டுவிட்டு, “இதை அவனுக்கும் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்,” என்றார்.

பிரவீனனுக்கு அடுத்த நாள் மத்தியானம் சொன்னான். பையன் தலையணையில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“சோ, யு ஜஸ்ட் வாட்ச்ட்?”

“ஓம்.”

“ஓகே,” என்றான் பிரவீனன். தொலைபேசியைக் கையில் எடுத்தான். டெனிஸ்டன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். “ஓகே, கோச். யு கான் கோ,” என்றான் பையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை வீடியோ அறையில் டொனோவன் அந்தப் பிளேயைத் தானே நிறுத்தினார். படத்தில் இருபத்தியொன்று பாதி வழியில் நின்றான்.

“நீ இதைப் பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

அவர் திரையிலிருந்து அவன் பக்கம் திரும்பினார். “உன்னை வாயை மூடச் சொன்னது நான்தான்.”

“மூடியது நான்,” என்றான் டெனிஸ்டன்.

“வேண்டுமென்றா?”

அந்தக் கேள்வியை அவன் இரண்டு நாளாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். “இல்லை. ஆனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுதான் உண்மை.”

டொனோவன் மட்டையை எடுத்து மேசையில் அவன் பக்கம் தள்ளினார். “அப்படியானால் இந்தச் சனிக்கிழமை நீயே அழை.”

மூன்று வாரத்துக்கு முன் இதற்காகத்தான் காத்திருந்தான். இப்போது மட்டையைத் தொடவில்லை. “நீங்களே அழையுங்கள். என்னைவிட நன்றாக அழைக்கிறீர்கள். எனக்கு ஒரு சொல் மட்டும் வேண்டும். நான் ‘நிறுத்து’ என்றால் நீங்கள் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.”

“பிழையாகச் சொன்னால்?”

“பிழையாகவும் சொல்வேன்.”

அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

கடைசி இரண்டு ஆட்டங்களில் ஐந்து தடவை நிறுத்து என்றான். மூன்று தடவை அவன் கண்டது சரி. நான்காவது வீண். ஐந்தாவது, கடைசி ஆட்டத்தின் முடிவில். டொனோவன் உடனே கடைசி டைம் அவுட்டைக் கேட்டார். ஆனால் மேலிருந்து அவன் கண்டது எதிரணியின் பாசாங்கு. ஒருவரும் இறங்கி வரவில்லை. பிறகு கடிகாரத்தை நிறுத்த வழியில்லாமல், இரண்டு புள்ளியில் தோற்றார்கள். அந்தத் தோல்வியோடு பிளே-ஓஃப் சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் போனது.

கீழே இறங்கி வந்தபோது டொனோவன் மாணவர் பத்திரிகைக்காரியிடம், “அந்த முடிவு என்னுடையது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டெனிஸ்டன் பக்கத்தில் போய் நின்று, “இல்லை, என்னுடையது. மேலிருந்து நான் சொன்னேன். பிழையாகப் பார்த்துவிட்டேன்,” என்றான். டொனோவனுக்கு அது பிடிக்கவில்லை. அவள் அவன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

நடாஷா காரில் காத்திருந்தாள். அந்தப் பருவத்தில் அவள் வந்த ஒரே ஆட்டம் அது.

“உங்களாலயோ தோத்தது?”

“ஓம். என்னாலதான்.”

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காரை எடுத்தாள். வழியில் அவன் அந்தப் பாசாங்கை, எவன் எங்கே நின்றான், தான் எதை நம்பினான் என்று, அவளுக்கு விளங்கும்படி முதலிலிருந்து சொன்னான். அவள் இடையில் இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டாவது நல்ல கேள்வி.

பிரவீனனுக்கு டிசம்பரில் ஒப்பரேஷன் நடந்தது. அடுத்த வருடம் அவன் அணிக்குத் திரும்பவில்லை. டொனோவன்தான் இன்னும் பிளே அழைக்கிறார், டெனிஸ்டன்தான் இன்னும் கோடினேற்றர். வளாகத்துக் கோப்பிக் கடையில் ஒருநாள் பிரவீனன் வரிசையில் முன்னால் நின்றான். திரும்பிப் பார்த்து, “ஹாய் கோச்,” என்றான். அவன் காலை இழுக்காமல் நடப்பதை டெனிஸ்டன் கதவு வரை பார்த்தான்.