இலவச ஹம்மிங்

மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று பதினேழு சேலைகளை விரித்துக் காட்டியாகிவிட்டது. செய்யாற்றிலிருந்து வந்திருந்த கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இன்னும் மனசு வரவில்லை. "இதே கலர்ல கொஞ்சம் லைட்டா காட்டும்மா" என்றார்கள். கௌசல்யா பதினெட்டாவதை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறாள், இப்போது மணி மூன்று. இடது காலின் ஆடுசதையில் நரம்பு சுருட்டிக்கொண்டு இழுத்தது. அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் அவளுடைய குரல் கேட்டது.

தலை சுற்றுகிறதோ என்று முதலில் பயந்தாள். வார்த்தை எதுவும் இல்லாத ஹம்மிங் அது. மெல்ல மேலே ஏறி, ஓரிடத்தில் மூச்சு விடாமல் நின்று, பிறகு அவசரப்படாமல் இறங்கும். அடியில் கீபோர்டு இழைந்துகொண்டிருந்தது. அது அவள் புருஷன் ஜினதாஸ் வாசித்தது. கடைசியில் ஓர் ஆண் குரல் வந்து கடையின் பெயரைச் சொல்லி, முகூர்த்தப் பட்டு எடுக்க எல்லோரையும் அழைத்தது. சுவரில் மாட்டிய டிவியில் நகையும் சேலையுமாக ஒரு பெண் கோபுரத்தைப் பார்த்துச் சிரித்தாள். நாலு நிமிஷம் கழித்து எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"ஏம்மா, அந்தப் பச்சைய எடுன்னா எங்கயோ பாத்துக்கினு நிக்கற?" என்றாள் மணப்பெண்ணின் அம்மா.

பொய் சொல்வானேன், முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடி முழுக்கத் தன் குரல்தான் என்று நினைத்துக்கொண்டே பச்சைச் சேலையை விரித்தாள். பத்தாவது தடவை கேட்டபோது சந்தோஷம் வற்றி எரிச்சல் வந்தது. அதற்கும் பிறகு வந்தது நாற்காலியைப் பற்றிய நினைப்பு.

ஆறு மாதமாக அவளுக்கு அந்த ஒரு நினைப்புதான். கால் நரம்பு சுருண்டிருக்கிறது, இப்படியே நின்றால் புண்ணாகிவிடும், உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். கடை ஆட்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஆளுக்கொரு முக்காலி போட்டார்கள். இப்போது அந்த முக்காலிகளின் மேல் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. நாலாம் மாடியில் வீடியோ கால் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போனில் சேலை காட்டுவார்கள். அங்கே மாற்றச் சொல்லி மாடி சூப்பர்வைசர் ராமராஜனிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

"அதுக்கு வாய்ஸ் நல்லா இருக்கணும்மா" என்றிருந்தார் அவர். "உனக்கு சாயங்காலம் ஆனா தொண்டை கம்மிப் பூடுது."

நாளெல்லாம் சேலையைப் பற்றிக் கத்தினால் யாருடைய தொண்டைதான் கம்மாது என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. கேட்கிற தெம்பும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். வேலைக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. ஐந்தரை மணிக்கு டீ குடிக்க விடும் பத்து நிமிஷத்தில் ஜினதாஸ் கடையின் பின்சந்துக்கு டிபன் பாக்ஸோடு வந்துவிடுவான். அவள் நின்றபடியே சாப்பிடுவாள். கச்சேரி இருந்தால் அவன் வர முடியாது. ஆனால் கல்யாணங்களில் அவனுடைய லைட் மியூசிக் குழுவை மாதத்துக்கு ஒருவர் கூப்பிட்டால் பெரிது என்றாகிவிட்டதால், பெரும்பாலும் வந்துவிடுவான்.

அன்றைக்கு அவள் உடனே டிபனைத் திறக்கவில்லை. "நம்ம மியூசிக் பீஸு கடையில ஓடுதுங்க. விளம்பரமா" என்றாள்.

ஜினதாஸ் நம்பாமல் பின்வாசல் பக்கம் காதைக் கொடுத்தான். உள்ளேயிருந்து மெலிசாகக் கேட்டது. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் இன்டர்நெட்டில் பக்கம் தொடங்கி, குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கும் கையில் காசில்லாமல் படம் எடுப்பவர்களுக்கும் இசை இலவசம், பெயரை மட்டும் போடுங்கள் என்று எழுதியவன் அவன். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் கிளம்புவதற்குள், விடியற்காலையில் ஜன்னலுக்கு ரஜாய்ப் போர்வை கட்டி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க இரண்டு பேரும் பதிவு செய்வார்கள். இதுவரை நாற்பது படங்களுக்கு மேல் கொடுத்தாயிற்று. பாதிப் படங்களில் பெயரே வரவில்லை, மீதியில் கண் சிமிட்டுவதற்குள் ஓடிப்போயிற்று. இவர்களில் ஒருத்தன் டைரக்டர் ஆகிக் கூப்பிட்டால் போதும் என்பது அவன் கணக்கு. ஒருத்தனும் இன்னும் ஆகவில்லை.

"இது ஆனந்தகுமார் படத்துக்குக் குடுத்ததாச்சே" என்றான் ஜினதாஸ். முசரவாக்கத்துப் பையன், சென்னையில் சினிமா படித்தவன், இப்போது ஏதோ விளம்பரக் கம்பெனியில் இருந்தான். அவனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணா, கேட்டீங்களா? நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றான் ஆனந்தகுமார், நிஜமான உற்சாகத்தோடு. "நான்தாண்ணா எடிட் பண்ணேன். மியூசிக்குக்கு பட்ஜெட்டே வுடல. உங்க பீஸ் ஞாபகம் வந்துச்சு, வெச்சுட்டேன். செம ஃபிட்டு."

"படத்துக்குத்தானப்பா குடுத்தோம். விளம்பரத்துக்குக் குடுக்கலியே."

"இல்லண்ணா, உங்க லெட்டர்ல கடை சீல் இருக்குதே. ஏஜென்சில அதப் பாத்துட்டு, கடையோட மியூசிக்க கடைக்கே போட்டா யார் கேக்கப் போறாங்கன்னுட்டாங்க. அக்கா அங்க வேலை செய்றாங்க, கடையே செஞ்சு குடுத்ததுன்னுதான் நானும் நெனச்சுக்கினு இருந்தேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது அது. ஆனந்தகுமாரின் படத்தைப் போட்டிக்கு அனுப்ப, இசையைத் தந்ததில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டார்கள். ஜினதாஸ் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். சீல் எங்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரேஷனிலிருந்து நெசவாளர் சொசைட்டி வரைக்கும் சீல் இல்லாத காகிதத்தை யாரும் கையால் தொடுகிற ஊர் இல்லை இது. ஆனால் பாட்டுப் பாடுகிறவர்களிடம் சீலுக்கு எங்கே போவது? கௌசல்யா அப்போது பேக்கிங் பிரிவில் இருந்தாள். பார்சலில் குத்தும் வட்ட சீல் அவள் மேஜை மேலேயே கிடந்தது. கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கடைக்கு எடுத்துப்போய், கையெழுத்துக்குப் பக்கத்தில் ஊதா மையில் ஒரே அழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கப் போகிறார்கள், வட்டமாக ஒன்று இருந்தால் சரி என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் அந்தக் கடிதத்தைப் பார்த்து, கவர்மென்ட் ஆர்டர் மாதிரி இருக்கிறது என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"பேராவது போடலாமில்ல தம்பி?" என்று கேட்டாள் கௌசல்யா.

"முப்பது செகண்டுக்கா. அதுல எங்க பேரு போடறது?" என்றான் ஆனந்தகுமார்.

போனை வைத்த பிறகு ஜினதாஸின் முகத்தில் வெளிச்சம் இல்லை. "வுட்டுடு கௌசி. சீல் விஷயம் வெளிய வந்தா வேலை பூடும்" என்றான்.

"வேலை இருந்தா காலு பூடும்" என்றாள் அவள். "பேரும் வாணாம், காசும் வாணாம். மேல ஒரு சீட்டு. அத மட்டும் கேக்கறேன். வாய்ஸ் இல்லன்னுதானே சொன்னாங்க."

பத்து நிமிஷம் ஆகிவிட்டது. சாதத்தை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கடை திறந்தவுடன், தொண்டை தெளிவாக இருக்கும்போதே, மேனேஜர் மாணிக்கவேலின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர், யாரையும் அதட்டமாட்டார். மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர் உட்காரச் சொல்லவில்லை. அவளுக்கும் உட்காரத் தோன்றவில்லை.

விளம்பரத்தில் வருவது தன் குரல் என்று சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியா? எங்க, பாடு பாக்கலாம்" என்றார்.

கௌசல்யா பாடினாள். ஏ.சி. ஓடுகிற சின்ன அறையில் குரல் ஏறி, மூச்சு விடாமல் நின்று, இறங்கியது. மாணிக்கவேலின் சிரிப்பு போய்விட்டது. கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மூடியே இருந்தார்.

"எட்டு வருசமா இதக் கடைக்குள்ள வெச்சுக்கினு தெரியாம இருந்துட்டோமே" என்றார். யாரும் அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கால், டாக்டர், நாலாம் மாடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு ஃபைலைப் பிரித்துத் திருப்பி வைத்தார். ஜினதாஸின் கையெழுத்தும் அதன் பக்கத்தில் ஊதா வட்டமும் ஜெராக்ஸில் கறுப்பாகத் தெரிந்தன.

"ஏஜென்சிகாரன் குடுத்தது. ஆபீஸ்ல யாரு இந்த லெட்டர் குடுத்தாங்கன்னு நானே கேட்டுக்கினு இருந்தேன். இப்பதான் புரியுது. நீ அப்ப பேக்கிங்ல இருந்த, இல்ல?"

அவள் ஜெராக்ஸில் இருந்த வட்டத்தையே பார்த்தாள்.

"மொதலாளி காதுக்குப் போச்சுன்னா போலீசுன்னுவாரும்மா. கடை சீலு சின்ன விஷயமா? நான் அங்க கொண்டு போகல. நீ ஒண்ணு பண்ணு. இந்த இசை நானும் என் வூட்டுக்காரரும் கடைக்காகச் செஞ்சு குடுத்தது, எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. அப்ப சீலும் சரியாயிடும், உனக்கும் பிரச்சினை இல்ல."

எழுதினாள். மேஜை மேல் குனிந்து எழுதியதில் இடுப்பு வலித்தது. அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் மாணிக்கவேலே கடை சீலை எடுத்து ஊதிவிட்டு, கோணாமல் நேராகக் குத்தினார்.

"சார், அந்த சீட்டு…"

"மேல உக்காரவெச்சு மூடி வெக்கிற குரலாம்மா இது?" என்றார் அவர். கேலி இல்லை, நிஜமான ஆசையோடுதான் சொன்னார். "முகூர்த்த சீசன் முடியட்டும், பாக்கலாம். அது வரைக்கும் நீ மூணாவது மாடிக்கும் போவ வாணாம். நாளையிலருந்து வாசல்ல நில்லு. பாட்டு பாடினது நம்ம கடைப் பொண்ணுன்னு ஜனங்களுக்குத் தெரியணும்."

கௌசல்யாவின் வீட்டில் யாரும் பட்டு உடுத்துவதில்லை. ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் புழுக்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும் என்பதற்காக. அவள் கல்யாணத்திலும் பருத்திதான். வாசலில் நிற்க அவளுக்குக் கடையே ஒரு சேலை கொடுத்தது. அகலமான ஜரிகை, சிவப்பு, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் கீழே வந்தாள். ஜினதாஸிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு முன் பன்னீர்ச் செம்போடு நிற்க வேண்டும். வருகிறவர்கள் மேல் தெளித்து, சந்தனம் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரில் கீபோர்டு மட்டும் ஓடும்போது அவள் ஹம்மிங்கைப் பாட வேண்டும். பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்கியவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "டிவில வருதே, அந்தப் பாட்டாம்" என்று பேசிக்கொண்டார்கள். ராமராஜன் இரண்டு தடவை கீழே வந்து, கொஞ்சம் சிரித்த முகமாக இரு என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்குள் கால் மரத்துப்போய்விட்டது. மரத்துப்போனதே நல்லது என்று நினைத்தாள்.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் மாகறலிலிருந்து ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வந்தது. கூட்டத்தில் கனத்த உடம்போடு வந்த அம்மாள் ஒருத்தி வாசற்படி ஏறியதும் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"நீதான் பாடறியா? நெசமாவா? இன்னாமா இருக்குது" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "நீங்க போய்ப் பாத்துக்கினு இருங்கப்பா. நான் இத ரவ நேரம் கேட்டுட்டு வரேன்."

ராமராஜன் உள்ளேயிருந்து ஓடிவந்தார். கையோடு ஒரு நாற்காலி கொண்டுவந்திருந்தார், மெத்தை வைத்தது. அதைக் கௌசல்யாவுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளிப் போட்டுத் தோள் துண்டால் தூசி தட்டினார்.

"ஒக்காருங்கம்மா, ஒக்காந்து நிம்மதியா கேளுங்க" என்றார் அந்த அம்மாளிடம். கௌசல்யா பக்கம் திரும்பி, "ஆரம்பத்துலருந்து பாடும்மா" என்றார்.

அந்த அம்மாள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள். கௌசல்யா பன்னீர்ச் செம்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, உடம்பு பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றி, மூச்சை இழுத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.