எல்லை தாண்டாத ஜனாதிபதி

எங்கள் நாட்டில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரை ஒரே குடுவையில் மாற்றி மாற்றிக் குடிக்க நாலு பேர் உட்கார்ந்தால் கெண்டி வீட்டுக்காரர் கையில் இருக்கும். ஊற்றுவதும் யாருக்கு முதலில் என்று முடிவு செய்வதும் அவர்தான். ஜனாதிபதி மாளிகையில், ஜனாதிபதியின் சொந்த அறையில், கெண்டி துணை ஜனாதிபதி டோன்யா பெர்னார்தாவின் கையில் இருந்தது. ஜனாதிபதி எவரிஸ்டோ விருந்தாளி மாதிரி குடுவையை வாங்கி, உறிஞ்சிவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அரசாங்க நோட்டரி. ஜனாதிபதியின் கையெழுத்துக்குக் கீழே முத்திரை குத்துவது என் வேலை. எவரிஸ்டோ மாட்டு வைத்தியராக இருந்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் டாக்டர். ஊர் ஊராகப் போய்ப் பசுக்களுக்குப் பிரசவம் பார்த்த புண்ணியத்தில் ஓட்டு கொட்டியது. ஆனால் கட்சி டோன்யாவுடையது. மந்திரிகள் முதலில் மாடிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்ப்பார்கள். இறங்கி வரும்போது போனால் போகிறதென்று இவருக்கு ஒரு வணக்கம். ஆணைகளை எழுதுவது மாடி, கையெழுத்துப் போடுவது கீழ்த்தளம். ஜனங்களிடம் திட்டு வாங்குவதும் கீழ்த்தளம்தான்.

ஜனாதிபதி எல்லையைத் தாண்டினால் அந்த நிமிடமே துணை ஜனாதிபதிதான் ஜனாதிபதி. அவர் திரும்பி வரும்வரை எல்லாக் கையெழுத்தும் துணையுடையது. எங்கள் சட்டம் அப்படி. டாக்டர் எந்த வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும் டோன்யா ஏதாவது சொல்லிப் பயணத்தை ரத்து செய்துவிடுவார். டாக்டருக்குப் பேர் வந்துவிடும் என்ற பொறாமை என்று ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீசல் விலையை ஏற்றும் ஆணை மாடியிலிருந்து இறங்கிய அன்று, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து செய்தி வந்தது. அக்கரை அடுத்த நாடு. தாயில்லாத டாக்டரைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்த அக்கா எர்மிந்தா அங்கே கல்யாணமாகிப் போனவர். இப்போது ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னைக்கே போகணும்," என்றார் டாக்டர்.

டோன்யா கெண்டியைக் கீழே வைக்கவில்லை. "போங்களேன், யார் தடுத்தா? இதுல ஒரு கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போங்க."

"போன தடவ பஸ் கட்டணத்த ஏத்தினப்ப என் கொடும்பாவிய எரிச்சாங்க. அக்கா டிவியில பாத்துட்டு, ஏண்டா உனக்கு இவ்வளவு பெரிய மூக்கு வச்சிருக்காங்கன்னு கேட்டாங்க."

"உங்க மூக்கு அப்படித்தான, டாக்டர்."

"இந்தத் தடவ நீங்களே போடுங்க. நான் பாலத்தத் தாண்டினா நீங்கதான ஜனாதிபதி?"

டோன்யாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. "நான் எதுக்குப் போடணும்? ஜனங்க ஓட்டுப் போட்டது உங்களுக்கு. நாளைக்குப் போகலாம். அக்கா எங்க ஓடிடப் போறாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொறாமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த அம்மாவுக்கு நாடு வேண்டும், தன் பேர் மட்டும் எதிலும் வேண்டாம்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நிடியா, நான் போறதுக்கு இவங்க சம்மதம் வேணுமா?"

"வேணாம் டாக்டர். போறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும்."

டோன்யா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாளிகையிலிருந்து என் வீட்டுக்கு வழக்கமாக வரும் பழ ரொட்டி வரவில்லை. டாக்டர் எழுதினார், நான் குத்தினேன். அரைமணி நேரத்தில் கார் பாலத்தைத் தாண்டியது.

டோன்யா ஜனாதிபதியாகிவிட்டார். பூங்கொத்தோடு வந்த மந்திரிகளை விரட்டியடித்தார். டாக்டரின் அறைப்பக்கமே வரவில்லை. டீசல் ஆணை மேலே போகும், கையெழுத்து இல்லாமல் கீழே வரும். ஊரில் பஸ்கள் பழைய கட்டணத்திலேயே ஓடின. கடைசியில் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"அவர் இருந்தப்ப போட்ட மாதிரி பழைய தேதியில எதாவது..."

"ஜெயிலுக்குப் போற வயசு எனக்கு இல்ல, டோன்யா."

என் எதிரிலேயே அக்கரைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "அக்கா எப்படி இருக்காங்க, டாக்டர்?" அக்காவைப் பற்றி அவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை.

"என் கையப் புடிச்சிட்டே தூங்குறாங்க. எடுத்தா முழிச்சுக்கிறாங்க."

"நீங்க எப்ப வருவீங்க?"

"லீவு குடுக்குற எடத்துல இப்ப நீங்கதான இருக்கீங்க, ஜனாதிபதி அம்மா?"

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்கா இறந்து, அடக்கம் முடித்து, கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு டாக்டர் திரும்பினார். டோன்யா வாசலுக்கே வந்து கட்டிப்பிடித்து அழுதார். பொய் அழுகை என்று நான் சொல்லமாட்டேன். அழுது முடித்ததும், "இது ஒண்ணுதான் பாக்கி, டாக்டர்," என்று ஆணையை மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். "நான் இல்லாதப்ப டீசல் ஏறவே இல்லையா, நிடியா?"

"ஏறல, டாக்டர்."

"இத்தன வருஷத்துல நான் நாட்டுக்குப் பண்ணின ஒரே நல்ல காரியம், ஊர்ல இல்லாம இருந்ததுதான் போல."

நான் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். "போடாதீங்க டாக்டர். திரும்பவும் எங்கயாவது கெளம்பிடுங்க. நான் முத்திர குத்துறேன்."

அவர் பேனாவைத் திறந்தார்.

"எங்க போறது? அக்கரையில எனக்கு இருந்தது அவங்க ஒருத்தங்கதான," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.